ஆய்வக முடிவுக்கு யார் பொறுப்பு? அந்தமான் தரும் பாடம்

புதுதில்லி: நோயாளியின் கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு சரியானதுதானா என்பதை உறுதி செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு. நடைமுறையில் அந்த விடை எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அறிய, தில்லியிலிருந்து வெகு தொலைவில் உள்ள அந்தமான் நிகோபார் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மருத்துவமனைகள், கிளினிக்குகள், பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து முறைப்படுத்துவதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2010-ல் நிறைவேற்றியது. 2012 மார்ச் 1-ல் அது அமலுக்கு வந்தபோது அருணாசலப் பிரதேசம், ஹிமாசலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய 4 மாநிலங்களும், தில்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களும் முதல் நாளிலேயே அதன் வரம்புக்குள் வந்தன. சட்டம் இயற்றப்பட்ட தலைநகர் வெளியே நின்றது. அந்தமான் உள்ளே சென்றது.

ஆகவே ஆய்வகத் தரம் குறித்த மத்திய அரசின் கொள்கை சரியாகச் செயல்படுகிறதா என்பதற்கு இத்தீவுகளே உரைகல். மேலும், ஆய்வகம் தவறினால் என்ன நேரும் என்பதை அனுபவத்தில் அறிந்த நிலம் அது.

மறக்கப்பட்ட நோய்

1980-களின் இறுதியில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பகுதியில் மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. நெல்வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். கடும் காய்ச்சல், உடல்வலி, சிலருக்கு இருமலுடன் ரத்தம், நுரையீரலில் ரத்தக்கசிவு, அதைத் தொடர்ந்து மரணம் என்று அது ஆண்டுதோறும் திரும்ப வந்தது. காரணம் தெரியாத நிலையில் அதற்கு "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்று பெயரிடப்பட்டது. நோய்க்குக் காரணம் புதிய வைரஸாக இருக்கலாம் என்ற ஐயமும் இருந்தது.

1993 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நோய் மீண்டும் பரவியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கிவந்த வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் அங்கு சென்று நோயாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தனர். அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் எனப் பரிசோதனைகள் காட்டின. 1995-ல் அந்த முடிவு ஆய்விதழில் வெளியானது. பெயர் தெரியாத காய்ச்சலாக மக்களை அச்சுறுத்திய நோய், பெனிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளுக்குக் கட்டுப்படும் பாக்டீரியா நோய் என்று தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தமானில் இந்த நோய் இருப்பது புதிய கண்டுபிடிப்பே அல்ல. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைக் குடியேற்றத்தில் கைதிகளிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்த டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள், அது லெப்டோஸ்பைரோசிஸ் என்று 1931-ல் விரிவான அறிக்கையே வெளியிட்டிருந்தனர். அவர்கள் பிரித்தெடுத்த கிருமி வகைகளில் ஒன்று "அந்தமானா" என்ற பெயருடன் இன்றும் உலக ஆய்வகங்களின் தொகுப்பில் உள்ளது.

தீவின் பெயரைத் தாங்கிய கிருமி வெளிநாட்டு ஆய்வகங்களில் பாதுகாக்கப்பட்டது. தீவிலோ நோயே மறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதைக் கண்டறியும் வரை பல மழைக்காலங்கள் மரணங்களுடன் கழிந்தன. மருத்துவ அறிவு இல்லாததால் நேர்ந்த இழப்பு அல்ல இது. அந்த அறிவை நாள்தோறும் பயன்படுத்தி, நம்பத்தக்க முடிவு தரும் ஆய்வக ஏற்பாடு இடையில் அறுந்துபோனதால் நேர்ந்த இழப்பு.

ஒரு பரிசோதனைக்குப் பின்னே

எலிக்காய்ச்சலைக் கண்டறிவதற்கான அடிப்படைப் பரிசோதனையைப் பார்த்தாலே, தரம் என்ற சொல்லின் பொருள் விளங்கும். பல்வேறு லெப்டோஸ்பைரா வகைகளை ஆய்வகத்தில் உயிருடன் வளர்த்து வைத்திருக்க வேண்டும். நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு கிருமி வகையுடனும் கலந்து, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று இருட்புல நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முதல் மாதிரியுடன், சில நாள்கள் கழித்து எடுத்த இரண்டாவது மாதிரியையும் ஒப்பிட்டு, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்காவது உயர்ந்திருந்தால் நோய் உறுதி.

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் பல. வளர்ப்புக் குழாயில் பெயர்ச்சீட்டு மாறிப் போகலாம். வேறு கிருமி கலந்துவிடலாம். அந்த வட்டாரத்தில் பரவும் கிருமி வகை தொகுப்பில் இல்லாமல் போகலாம். ஒரே கண்ணாடித் தகட்டை இருவர் பார்த்தால் இருவேறு முடிவு சொல்லலாம். இந்தத் தவறுகள் எதுவும் அறிக்கைத் தாளில் தெரியாது. அச்சிட்ட எண், சரியானாலும் தவறானாலும், ஒரே தோற்றத்துடன்தான் நோயாளியிடம் வந்து சேரும்.

தீவுகளில் 2006-ல் சிக்குன்குன்யா பரவியது. பின்னர் டெங்குவும் வந்தது. மூன்று நோய்களும் தொடக்கத்தில் ஒரே மாதிரியான காய்ச்சலாகவே தெரியும். எலிக்காய்ச்சலுக்கு உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு. டெங்குவுக்கு அந்த மருந்தால் பயனில்லை. ரத்தத் தட்டணுக்களையும் உடலின் நீர்ச்சத்தையும் கண்காணிப்பதே சிகிச்சை. ஆக, எது எந்த நோய் என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு ஆய்வகத்தின் மீது விழுகிறது. அங்கு நேரும் பிழை தவறான சிகிச்சையாக முடியும்.

தரம் என்பது என்ன?

நவீன இயந்திரம், குளிரூட்டப்பட்ட அறை, கணினி அச்சிட்ட அறிக்கை ஆகியவற்றையே தரம் என்று மக்கள் கருதுகின்றனர். ஆய்வக விஞ்ஞானம் தரத்துக்கு வேறு மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது.

முதலாவது, அன்றாட உள்சோதனை. நோயாளிகளின் மாதிரிகளைத் தொடுவதற்கு முன், அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரும் எண்ணை ஒரு வரைபடத்தில் நாள்தோறும் குறித்து வர வேண்டும். புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தாலோ, காரணம் கண்டறியும் வரை எந்த அறிக்கையும் வெளியே போகக் கூடாது. லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950-ல் இந்த வரைபட முறையை மருத்துவ ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்தனர். இதற்குப் பெரும் செலவு இல்லை. வேண்டியது ஒழுக்கம்.

இரண்டாவது, வெளியாரின் சோதனை. தன் தராசைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வணிகரை எவரும் முழுதாக நம்புவதில்லை. ஒரு மைய அமைப்பு ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிட்டு, யார் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று தெரிவிப்பதே இம்முறை. 1947-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் பெல்க், சண்டர்மன் ஆகியோர் இப்படிச் செய்து பார்த்தபோது, ஒரே மாதிரிக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் தந்த முடிவுகளில் இருந்த வேறுபாடு மருத்துவ உலகை அதிரவைத்தது. இந்தியாவில் உயிர்வேதியியல் பரிசோதனைகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், ரத்தவியல் பரிசோதனைகளுக்கு தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இத்தகைய திட்டங்களை நெடுங்காலமாக நடத்தி வந்துள்ளன. வேலூரிலிருந்து வரும் சிறு குப்பி, ஆய்வகத்தின் நேர்மைக்கு வைக்கப்படும் தேர்வுத்தாள்.

மூன்றாவது, அளவுத்திருத்தம். ஆய்வகத்தின் வெப்பமானி, தராசு, பிப்பெட் ஆகிய ஒவ்வொன்றும், அதைவிடத் துல்லியமான கருவியுடன் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். அக்கருவி அதற்கும் மேலான ஒன்றுடன் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் இச்சங்கிலியின் தலைக்கண்ணி தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். வேறு சொற்களில் கூறினால், தீவின் கோடியிலுள்ள ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் காட்டும் வெப்பநிலை, தில்லியில் உள்ள மூலஅளவுடன் தொடர்பு அறாமல் இருக்க வேண்டும்.

கடல் ஏற்படுத்தும் இடைவெளி

இந்த மூன்றையும் பெருநிலப்பரப்பில் உள்ள நகர ஆய்வகம் ஒன்று செய்வதற்கும், தீவில் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்கை வகுப்போர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 லட்சம். அவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 700 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டத்தில் அவர்கள் சிதறி வாழ்கின்றனர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகர் போர்ட் பிளேர், சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடல் தொலைவில் உள்ளது. நிகோபார் தீவுகள் அங்கிருந்தும் வெகுதூரம் தெற்கே உள்ளன. கடல் கொந்தளிக்கும் காலத்தில் கப்பல் போக்குவரத்து தடைபடுவது தீவுவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று.

இந்நிலையில் ஒரு ரத்த மாதிரி பயணம் செய்தால் என்ன ஆகும்? சோதனைக் குழாயில் அணுக்களுடன் சேர்ந்தே வைக்கப்பட்ட ரத்தத்தில், அறை வெப்பநிலையில் சர்க்கரையின் அளவு மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தொட்டால் நீரிழிவு எனக் கொள்வது மருத்துவ வரம்பு. 130 இருந்த ஒருவரின் ரத்தம் மூன்று மணி நேரம் படகிலும் பேருந்திலும் காத்திருந்தால், ஆய்வகத்தில் அது 110-ஐ ஒட்டியோ அதற்கும் கீழாகவோ காட்டும். ஆய்வகப் பணியாளர் மீது பிழையில்லை; இயந்திரத்திலும் பழுதில்லை. ஆனால் நோயாளி, நோய் இல்லை என்ற நம்பிக்கையுடன் வீடு திரும்புவார். குலுங்கலில் சிவப்பணுக்கள் சிதைந்தால் பொட்டாசியத்தின் அளவு பொய்யாக உயர்ந்து, இல்லாத ஆபத்தைக் காட்டும்.

சர்க்கரை குறையாமல் காக்கும் புளோரைடு குழாயில் ரத்தத்தை எடுப்பது, மாதிரி எடுத்த இடத்திலேயே சீரத்தைப் பிரிப்பது, குளிர்பெட்டியில் அனுப்புவது, எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதுவது ஆகிய எளிய நடவடிக்கைகள் இத்தவறுகளைப் பெருமளவு தடுக்கும். ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி மாதிரி ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே நேர்ந்துவிடுகிறது என்பது துறை வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. எனவே தீவுகளில் தரம் என்பது ஆய்வகக் கட்டடத்துக்குள் தொடங்குவதில்லை. துணை சுகாதார நிலையச் செவிலியரின் கையிலும், மாதிரியை ஏற்றிச் செல்லும் படகிலும் தொடங்குகிறது.

ரசாயனப் பொருள்கள் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். வழியில் குளிர் குறைந்தால் அவை கெடும். இயந்திரம் பழுதானால் பொறியாளர் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வர வேண்டும். உப்புக்காற்றும் ஈரப்பதமும் கருவிகளின் ஆயுளைக் குறைக்கின்றன. வேலூர்க் குப்பியும் இதே கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நிகோபாரி மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில், ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளம் காணப்பட்டது. இத்தகைய மக்கள் வாழும் இடத்தில் ரத்த வங்கியின் ஒவ்வொரு பரிசோதனையும் பிழையின்றி அமைய வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வதும் விடுவதும்

ஆய்வகங்களின் குறைந்தபட்சத் தரம் எது என்பதை வரையறுக்க, சட்டம் அமலுக்கு வந்த பின்னும் 6 ஆண்டுகள் ஆயின. ஆய்வக அறிக்கையில் கையெழுத்திடத் தகுதி பெற்றவர் நோய்க்குறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது. 2018 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் ஆய்வகங்களை அடிப்படை, நடுத்தர, உயர்நிலை என மூன்றாகப் பிரித்து விதிகளை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் அடிப்படை ஆய்வகங்களுக்கான தகுதி விதி ஓரளவு தளர்த்தப்பட்டு, உரிய முதுநிலை அறிவியல் பட்டதாரிகளுக்கும் இடமளிக்கப்பட்டது.

கையெழுத்திடுபவர் யார் என்பது பற்றி நடந்த வாதங்களில் பத்தில் ஒரு பங்குகூட, அந்தக் கையெழுத்துக்கு மேலே உள்ள எண் சரியா என்பது பற்றி நடைபெறவில்லை என்பதே கசப்பான உண்மை. தற்காலிகப் பதிவு கோரும் நிறுவனத்துக்கு எந்த விசாரணையுமின்றிப் பதிவு வழங்கவும் அதே சட்டம் வழி செய்கிறது. பதிவுச் சான்று சுவரில் தொங்குவதால் மட்டும் ஆய்வகத்தின் தரம் சோதிக்கப்பட்டதாகப் பொருளில்லை.

தரத்தைச் சோதித்து அங்கீகாரம் அளிக்கும் பணி, சுருக்கமாக என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தினுடையது. இது இப்போது இந்தியத் தர கவுன்சிலின் அங்கமாகச் செயல்படுகிறது. பொதுவான சோதனைக் கூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025, மருத்துவ ஆய்வகங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15189 என்ற சர்வதேச நெறிகளின்படி அது அங்கீகாரம் வழங்குகிறது. 15189 நெறியின் புதிய பதிப்பு 2022 டிசம்பரில் வெளியானது; அதற்கு மாறுவதற்கு உலகெங்கும் ஆய்வகங்களுக்கு 2025 டிசம்பர் வரை மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தை முன்னிறுத்தி ஆய்வகத்தின் ஒவ்வொரு நடவடிக்கையையும் மதிப்பிட வேண்டும் என்பதே புதிய பதிப்பின் சாரம்.

ஆனால் மருத்துவ ஆய்வகங்களைப் பொறுத்தவரை இந்த அங்கீகாரம் விரும்பினால் பெறலாம் என்ற அளவிலேயே உள்ளது. உணவுப் பரிசோதனையில் நிலைமை வேறு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களையே ஏற்கும்படி விதித்துள்ளது. உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றும் கூறுகிறது. கலப்பட எண்ணெயைச் சோதிக்கும் கூடத்துக்குக் கட்டாயமான ஒன்று, மனித ரத்தத்தைச் சோதிக்கும் கூடத்துக்கு விருப்பமாக விடப்பட்டிருப்பது விந்தையே.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்நிலை இருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளில் ஆய்வகங்களின் அலட்சியத்தால் பெண்கள் உயிரிழந்தது வெளிவந்த பின், 1988-ல் அந்நாடு மருத்துவ ஆய்வகங்கள் அனைத்தையும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. உயிர்கள் போன பின்பே விழித்துக்கொள்வது அரசுகளின் வழக்கம் போலும்.

எதிர்வாதம்

அங்கீகாரத்தைக் கட்டாயமாக்குவதற்கு எதிரான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கட்டணம், ஆவணங்கள், தணிக்கை, தகுதி பெற்ற பணியாளர் ஆகியவற்றுக்கான செலவைச் சிறிய ஆய்வகம் தாங்காது. ஓரிரு தொழில்நுட்பர்களைக் கொண்டு சர்க்கரை, யூரியா, ரத்த அணு எண்ணிக்கை பார்க்கும் கூடத்தை மூடச் செய்தால், தீவுவாசி அடுத்த பரிசோதனைக்குப் படகேற வேண்டியிருக்கும். குறையுள்ள ஆய்வகம் இருப்பது மேலா, ஆய்வகமே இல்லாமல் இருப்பது மேலா என்று கேட்கின்றனர் இவர்கள்.

இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இவ்விரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதில் நியாயம் இல்லை. அடிப்படைப் பரிசோதனைகளை மட்டும் செய்யும் சிறு ஆய்வகங்களுக்கென எளிய நிபந்தனைகளும் குறைந்த கட்டணமும் கொண்ட தொடக்கநிலைத் தரத் திட்டம் ஒன்றை என்.ஏ.பி.எல். 2019-ல் அறிமுகப்படுத்தியது. அதுவும் விருப்பத் திட்டமே. ஆயினும் முழு அங்கீகாரத்துக்கும் வெறும் பதிவுக்கும் இடையே ஒரு படி உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

இதைவிட வலுவான சான்று அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்திலேயே உள்ளது. நாடெங்கும் உள்ள சளிப் பரிசோதனை மையங்களில், ஏற்கெனவே பார்க்கப்பட்ட தகடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, முதல் முடிவு தெரியாத மற்றொருவரைக் கொண்டு மறுபடியும் பார்க்கச் செய்யும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவருகிறது. மையங்களை நேரில் சென்று மதிப்பிடுவதும், அளவு தெரிந்த தகடுகளை அனுப்பிச் சோதிப்பதும் அத்திட்டத்தின் பகுதிகள். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான தேசிய மேற்கோள் ஆய்வகங்களில் ஒன்று. ஒரே ஒரு நுண்ணோக்கி உள்ள கிராம மையத்தையும் சர்வதேசச் சான்றிதழ் கேட்காமலேயே தரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

கொரோனா காலமும் அதையே காட்டியது. 2020 மார்ச்சில் நாட்டில் கொரோனா பரிசோதனைக்கு அனுமதிக்கப்பட்ட முதல்வரிசை ஆய்வகங்களில் போர்ட் பிளேர் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையமும் ஒன்று. மாதிரிகள் கடல் கடந்து சென்று முடிவு திரும்பக் காத்திருக்க வேண்டிய நிலை தீவுகளுக்கு நேரவில்லை. தனியார் ஆய்வகங்களுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அப்போது நிபந்தனையாக்கியது. பரிசோதித்த மாதிரிகளில் சிலவற்றை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் முறையும் குறுகிய காலத்தில் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே, அரசு மனம் வைத்தால் சில வாரங்களில் இதைச் செய்ய முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. நெருக்கடி முடிந்ததும் அந்த ஏற்பாடு மற்றப் பரிசோதனைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டிருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 63 வகை, மாவட்ட மருத்துவமனைகளில் 134 வகைப் பரிசோதனைகள் கிடைக்க வேண்டும் என 2022-ல் திருத்தப்பட்ட பொது சுகாதார நெறிகள் கூறுகின்றன. பரிசோதனைகளின் எண்ணிக்கையை உயர்த்தும் அரசாணை, அவற்றில் எத்தனை வெளிச்சோதனைக்கு உட்பட்டவை என்பதையும் கேட்க வேண்டும். இல்லையெனில் இலவசப் பரிசோதனை, இலவசமாகக் கிடைக்கும் ஐயமாகவே முடியும்.

அந்தமானில் தீர்வு மற்ற மாநிலங்களைவிட எளிது. ஆய்வகங்களின் எண்ணிக்கை குறைவு. யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசுக்கு நேரடிப் பொறுப்பும் அதிகாரமும் உண்டு. சட்டம் 2012 முதலே அமலில் உள்ளது. 1983 முதல் இயங்கும் ஆராய்ச்சி மையம் உள்ளது. 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் உள்ளது. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. எந்தத் தீவில் உள்ள ஆய்வகத்தின் அன்றாட உள்சோதனை வரைபடத்தையும் வேலூரிலோ தில்லியிலோ அமர்ந்தபடி அன்றே பார்க்க இயலும்.

முதலாவதாக, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு ஆய்வகமும் ஏதேனும் ஒரு வெளித்தரச் சோதனைத் திட்டத்தில் சேர்வதைப் பதிவுக்கு நிபந்தனையாக்க வேண்டும். அரசு ஆய்வகங்களுக்கான கட்டணத்தை மத்திய அரசே ஏற்க வேண்டும். இரண்டாவதாக, தீவுகளிலேயே ஒரு அளவுத்திருத்த வசதியை ஏற்படுத்தி, வெப்பமானியும் தராசும் கடல் கடந்து போய்வரும் நிலையைத் தவிர்க்க வேண்டும். மூன்றாவதாக, மாதிரிகளை ஏற்றிச் செல்லும் முறைக்குத் தனி விதிகளும், செவிலியர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் அவர்கள் அறிந்த மொழியில் பயிற்சியும் வேண்டும். நான்காவதாக, எந்த ஆய்வகம் எந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்றுள்ளது என்பதை மக்கள் அறியும்படி வாயிலிலும் அறிக்கையிலும் எழுத வேண்டும். அங்கீகாரம் என்பது ஆய்வகம் முழுமைக்கும் பொதுவானதன்று, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கே உரியது என்பதைப் பலரும் அறிவதில்லை.

மேல்சிகிச்சைக்காகத் தீவுகளிலிருந்து சென்னைக்கு வரும் நோயாளிகள், கையில் உள்ள அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி செய்துகொள்ளும்படி கேட்கப்படுவது வழக்கமாக உள்ளது. ஒரு ஆய்வகத்தின் முடிவை இன்னொரு மருத்துவமனை ஏற்க மறுக்கும்போது, அதன் விலையைச் செலுத்துபவர் நோயாளியே. பணத்தை ஒருவாறு ஈடுகட்டலாம். எலிக்காய்ச்சலின் வேகத்துக்கு முன் இழந்த இரண்டு நாள்களை ஈடுகட்ட முடியாது.

1931-ல் எழுதப்பட்டு, பின் மறக்கப்பட்டு, 1993-ல் மீண்டும் கண்டறியப்பட்ட நோயின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. திறமையான விஞ்ஞானிகள் வந்து ஒருமுறை உண்மையைக் கண்டறிந்து போவது போதாது. அவர்கள் சென்ற பின்னும் அந்த உண்மையை நாள்தோறும் கண்டறியும் ஏற்பாடு நிலைத்து நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டை ஆய்வகங்களின் விருப்பத்துக்கு விட்டுவைப்பதா, அரசின் கடமையாக ஏற்பதா என்பதை மத்திய சுகாதார அமைச்சகம் தீர்மானிக்க வேண்டும். சட்டத்தை முதலில் ஏற்ற தீவுகளுக்கே அதன் பயனும் முதலில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.